பெகார்: ஸ்பானிஷில் அடி, போர்ச்சுகீசியத்தில் பிடி. ஒரே வினைச்சொல்லா, இரண்டா?

வைகறை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்பானிஷ் ஓரளவு தடையில்லாமல் படிப்பேன். இப்போது பிரேசிலில் பேசும் போர்ச்சுகீசியத்தைக் கற்கத் தொடங்கியிருக்கிறேன். இரண்டும் அக்காள் தங்கை மொழிகள், பாதி வேலை முடிந்த மாதிரிதான் என்று பலரும் சொன்னார்கள். பெயர்ச்சொற்களில் அது உண்மை. வினைச்சொற்களில்தான் சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

குழந்தைகளுக்கான பிரேசில் படக்கதை ஒன்றில் இப்படி ஒரு வரி: "அ மாய் பெகோ உ மெனீனு நு கோலு." ஸ்பானிஷ் பழகிய கண்ணுக்கு முதலில் படுவது "அம்மா பையனை அடித்தாள்" என்பதுதான். ஸ்பானிஷில் "லா மாத்ரே லே பெகோ அல் நீன்யோ" என்றால் அதுவே பொருள். படத்திலோ அம்மா பையனைத் தூக்கி இடுப்பில் வைத்திருக்கிறாள், அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

இரு மொழியிலும் வினையின் மூல வடிவம் எழுத்துக்கு எழுத்து ஒன்று: பெகார். "பெகோ" என்ற இறந்தகால வடிவமும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே விழுகிறது. ஒரே சொல் ஓரிடத்தில் அடியாகவும் இன்னோரிடத்தில் அணைப்பாகவும் எப்படி ஆனது? எந்தப் பொருள்களை இரு மொழியிலும் நம்பிப் பயன்படுத்தலாம்? தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

புனல் எழுதியது:

வைகறை, சாவோ பாவ்லோவில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். இங்கே காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை பெகார் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. பஸ் ஏறுவது "பெகார் ஓனிபுஸ்". மேஜைமேல் இருக்கும் சாவியை எடுத்துத் தரச் சொல்வதற்கும், பள்ளியிலிருந்து குழந்தையை அழைத்துவருவதற்கும், வெயிலில் நிற்பதற்கும், கடற்கரைக்குப் போவதற்கும் இதே வினைதான். அலைச்சறுக்குக்காரர்கள் அலையைப் "பெகார்" செய்கிறார்கள். திருடனைத் துரத்துபவர்கள் "பேகா லத்ராவ்!" என்று கத்துகிறார்கள், "பிடி, திருடன்!" என்று நாம் கத்துவது மாதிரியேதான். குழந்தைகளின் ஓடிப்பிடித்து விளையாட்டுக்கு இங்கே பெயர் "பேகா பேகா".

சளி, காய்ச்சல் வந்தால் "பெகெய் கிரிபி" என்பார்கள்: எனக்குச் சளி பிடித்துவிட்டது. கார் கிளம்பவில்லை என்றால் "உ கார்ரு நாவ் பேகா". வீடு தீப்பிடித்தால் "அ காஸா பெகோ ஃபோகு". கண் அயர்ந்தால் "பெகார் நு சோனு". ஒருவர் செய்த காரியம் ஊராருக்கு நன்றாகப் படவில்லை என்றால் "பெகோ மாவ்" என்ற இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

அடிப்பதற்கு இங்கே வேறு வினை இருக்கிறது: பத்தேர். ஆகவே உங்கள் படக்கதை அம்மா பையனை அடிக்கவே இல்லை. மடியிலோ தோளிலோ தூக்கிக்கொண்டாள், அவ்வளவுதான். "கோலு" என்பது அணைத்து வைத்துக்கொள்ளும் மடி.

ஒரு எச்சரிக்கை மட்டும். இளைஞர்கள் பேச்சில், ஒருவரைப் "பெகார்" செய்தேன் என்றால் முத்தமிட்டுக் கொஞ்சினேன் என்ற பொருளும் உண்டு. "அவரை விமான நிலையத்தில் பெகார் செய்தேன்" என்றால் இடத்தை வைத்து அழைத்துவந்ததாக எடுத்துக்கொள்வார்கள். இடமோ காரணமோ சொல்லாமல் ஆளை மட்டும் சொன்னால் கேட்பவர் முகம் மாறக்கூடும்.

மாட்ரிட் மாணவி எழுதியது:

ஸ்பெயின் பக்கத்துக் கணக்கை நான் சொல்கிறேன். முதலில் உச்சரிப்பு. ஸ்பானிஷ் "பெகார்" என்பதில் வரும் "கா", நாம் "பகல்" என்று சொல்லும்போது வரும் மெல்லிய க-வுக்கு மிக அருகில் இருக்கிறது. தமிழருக்கு இந்த ஒலி தானாகவே வந்துவிடும்.

இங்கே முதற்பொருள் ஒட்டுதல். சுவரில் சுவரொட்டி ஒட்டுவது பெகார். பசைக்குப் பெயர் பெகமெந்தோ, ஒட்டுப்படத்துக்குப் பெயர் பெகதீனா. கணினியில் நகலெடுத்து ஒட்டுவது "கோப்பியார் இ பெகார்". சட்டைக்கு டை பொருந்தவில்லை என்றால் அது "பெகார் ஆகவில்லை". ஒரு பாட்டு மனத்தில் ஒட்டிக்கொண்டால் அது "பெகதீசா". அடுத்த வீட்டை ஒட்டிய வீடு என்று சொல்லவும் இதே வேர்தான்.

அடுத்தது அடி. யாரையாவது அடிப்பது, அறைவது, உதைப்பது. அதிலிருந்து கிளைத்தவை நிறைய: ஒரு கத்துக் கத்துவது, ஒரு குதி குதிப்பது, துப்பாக்கியால் சுடுவது எல்லாம் பெகார் சேர்ந்தே வரும். வெயில் சுள்ளென்று அடித்தால் "எல் சோல் பேகா". நாமும் வெயில் அடிக்கிறது என்றுதானே சொல்கிறோம்!

எனக்கு மிகப் பிடித்தவை தூக்கத்தைச் சுற்றியவை. இரவெல்லாம் பொட்டுத் தூக்கம் இல்லை என்றால் "நோ பெகே ஓஹோ": இமையோடு இமை ஒட்டவில்லை. காலையில் எழத் தாமதமானால் "செ மெ பெகாரோன் லாஸ் சாபனாஸ்": படுக்கை விரிப்பு என்னை ஒட்டிப் பிடித்துக்கொண்டது. தாமதமாக வந்தவர் இதைச் சொன்னால் ஆசிரியர்கூடச் சிரித்துவிடுவார்.

பஸ் ஏறுவதற்கு இங்கே பெகார் வராது. ஸ்பெயினில் "கோஹேர்". ஆனால் அந்தச் சொல்லை மெக்சிகோவிலோ அர்ஜென்டினாவிலோ வாய்விட்டுச் சொல்லாதீர்கள். அங்கே அது படுக்கையறைக் கொச்சை. அந்த நாடுகளில் "தொமார்" என்றால் யாருக்கும் உறுத்தாது.

உரைகல் எழுதியது:

இரண்டு பதிவுகளையும் படித்தபின் என் கருத்து உறுதியாகிவிட்டது. இவை இரண்டு சொற்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து ஒன்றாக இருப்பது தற்செயல் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கற்பவருக்கு அந்த ஒற்றுமையால் நயாபைசா பயன் இல்லை. ஒரு பக்கம் அடி, பசை. இன்னொரு பக்கம் எடு, ஏறு, பிடி. இரண்டையும் ஒரு நூலில் கோக்கப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். இரு மொழியில் உருவம் ஒன்றாக இருந்து பொருள் மாறும் சொற்களுக்குப் போலி நண்பர்கள் என்ற தலைப்பில் பாடநூல்களில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் இதையும் எழுதி வைத்து மனப்பாடம் செய்வதே நல்லது. வேர் ஆராய்ச்சி அறிஞர்களுக்கு அழகு. பேசப் போகிறவருக்கு அது சுமை.

வேர்ச்சொல் எழுதியது:

உரைகல், உங்களோடு எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரு மொழிக்கும் தாய் இலத்தீன். அங்கே "பிக்ஸ்" என்றால் பைன் மரப் பிசினைக் காய்ச்சி எடுக்கும் கரிய கீல். "பிக்காரே" என்றால் கீல் பூசுதல். ரோமானியர் காலத்தில் அது அன்றாட வேலை. மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் நீர் புகாமல் கீல் பூசினார்கள். திராட்சை மது ஊற்றும் மண்சாடிகளின் உட்புறத்திலும் கசியாமல் பூசினார்கள். கீல் கையில் பட்டால் லேசில் போகாது. பூசுவது என்ற பொருள் ஒட்டுவது என்று ஆனதில் வியப்பு ஒன்றும் இல்லை. பிக்காரேதான் இரு மொழியிலும் பெகார்.

இனி ஒட்டுவதிலிருந்து அடிப்பதற்கு எப்படிப் போனது? இதற்கு இலத்தீன் அறிஞரைத் தேடிப் போக வேண்டாம். நம் வீட்டுப் பேச்சே போதும். சந்தனத்தை மார்பில் அப்பினான் என்கிறோம். கன்னத்தில் ஓங்கி ஓர் அப்பு அப்பினான் என்றும் சொல்கிறோம். சாமிக்கு மாலை சாத்துகிறோம். சண்டையில் நாலு சாத்துச் சாத்துகிறோம். பூசும் கையும் அடிக்கும் கையும் செய்யும் அசைவு ஒன்றே: உள்ளங்கையை ஒன்றின்மேல் பதிப்பது. ஸ்பானிஷ் அந்த வழியில் போனது.

அதற்கு இலக்கணமே சாட்சி. வைகறை எடுத்துக்காட்டிய வரியைப் பாருங்கள்: "லே பெகோ அல் நீன்யோ." அந்த "லே" நம் நான்காம் வேற்றுமை, கு உருபு. அவனுக்கு ஓர் அறை கொடுத்தாள் என்பது போன்ற அமைப்பு. ஒட்டப்படும் பொருள் அறை. பையன் அதைப் பெறுபவன். காலப்போக்கில் அறை என்ற சொல் உதிர்ந்துபோனாலும் "லே" அப்படியே நின்றுவிட்டது. அதே ஸ்பானிஷில் "லோ பெகோ" என்று இரண்டாம் வேற்றுமையில் சொன்னால், ஏதோ ஒரு பொருளை எடுத்து ஒட்டினான் என்று பொருள் மாறிவிடும். லே என்றால் அடி, லோ என்றால் பசை. ஓர் எழுத்துதான் வேறுபாடு.

ஒட்டுவதிலிருந்து பிடிப்பதற்குப் போனது எப்படி? நம் "பற்று" என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். தலைவலிக்கு நெற்றியில் பற்றுப் போடுகிறோம். சோறு ஒட்டிய பாத்திரம் பற்றுப் பாத்திரம். தீ பற்றுகிறது. ஒருவர் கையைப் பற்றுகிறோம். மொழிமேல் பற்று வைக்கிறோம். ஒட்டுதலும் பிடித்தலும் அன்பும் ஒரே வேரில் இருக்கின்றன. இவை மூன்று வெவ்வேறு வினைகள் என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. போர்ச்சுகீசியம் போனது அந்த வழி. கை பொருளோடு ஒட்டினால் அது பிடி. பற்று என்பதற்கு ஈடாக "அபேகோ" என்ற பெயர்ச்சொல் ஸ்பானிஷிலும் போர்ச்சுகீசியத்திலும் இன்றும் இருக்கிறது, மன ஒட்டுதல் என்ற பொருளில்.

ஆகவே நான் சொல்வது இதுதான். ஸ்பானிஷ் பெகார் எழுவாயிடமிருந்து வெளியே போகிறது: நான் ஒன்றை இன்னொன்றின்மேல் பதிக்கிறேன். பிரேசில் பெகார் எழுவாயை நோக்கி உள்ளே வருகிறது: ஒன்று என் கைக்கு, என் உடம்புக்கு வந்து சேர்கிறது. திசையைப் பிடித்துக்கொண்டால் மனப்பாடப் பட்டியல் வேண்டியதில்லை.

உரைகல் எழுதியது:

"அப்பு", "பற்று" இரண்டும் அருமையான சான்றுகள். ஆனால் திசை என்ற விதி எவ்வளவு தூரம் நிற்கும்? சளி இரு மொழியிலும் பெகார்தானே? தீயும் அப்படித்தானே? அங்கே உங்கள் வெளியும் உள்ளும் எங்கே போயின?

வேர்ச்சொல் எழுதியது:

அங்கேதான் விதி நன்றாகவே வெளிப்படுகிறது. ஸ்பானிஷில் "மெ பெகோ லா கிரிப்பே" என்றால் அவன் தன் காய்ச்சலை எனக்கு ஒட்டிவிட்டான். கொடுத்தவன் எழுவாய், நான் கு உருபோடு நிற்கிறேன். பிரேசிலில் புனல் சொன்ன "பெகெய் கிரிபி" என்பதில் நானே எழுவாய். காய்ச்சல் என்னிடம் வந்தது. அதே காய்ச்சல்தான், நிற்கும் இடங்கள் மாறிவிட்டன. தீயும் அப்படியே. ஸ்பானிஷில் "பெகார் ஃபுவேகோ ஆ" என்றால் ஒருவர் வீட்டுக்குத் தீ வைப்பது. பிரேசிலில் "அ காஸா பெகோ ஃபோகு" என்றால் வீடு தீப்பிடித்தது. வைத்தவர் யாரோ, இல்லையோ, அந்த வரியில் அவருக்கு இடமே இல்லை. செய்தி மொழிபெயர்ப்பவர் இதைக் கவனிக்காமல் விட்டால் விபத்து குற்றமாகிவிடும்.

லிஸ்பன் வாசி எழுதியது:

போர்ச்சுகீசியம் என்றாலே பிரேசில் என்று இழை போய்க்கொண்டிருக்கிறது. போர்ச்சுகலையும் கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வேர்ச்சொல் ஐயாவின் விதிக்கு இங்கே ஒரு திருத்தம் தேவைப்படும்.

லிஸ்பனில் பஸ்ஸைப் "பெகார்" செய்பவர் பிரேசில்காரர் என்று உடனே தெரிந்துவிடும். இங்கே அதற்கு "அப்பன்யார்". பஸ்ஸுக்கும் பெயர் வேறு, "அவுட்டுகார்ரு". காய்ச்சல் வந்தாலும் அப்பன்யார். பெகார் இங்கே பெரும்பாலும் "எம்" என்ற முன்னுருபோடு வரும்: புத்தகத்தைக் கையில் எடு, குழந்தையைத் தூக்கு, பேனாவைப் பிடி. அதாவது கையால் பிடிப்பது என்ற நெருக்கமான பொருள்தான் முதன்மை. பிரேசிலில் வந்ததுபோலக் கடற்கரை, அலை என்று எல்லாவற்றுக்கும் அது பரவவில்லை.

அதே நேரத்தில் இங்கே "பெகோ ம அ கிரிபி" என்றும் சொல்வார்கள்: எனக்குக் காய்ச்சலை ஒட்டிவிட்டான். வீட்டுக்குத் தீ வைப்பதற்கும் "பெகார் ஃபோகு ஆ" உண்டு. ஸ்பானிஷ் அமைப்பு அப்படியே! ஆக, வெளித் திசை போர்ச்சுகீசியத்தில் இல்லை என்று சொல்ல முடியாது. ஸ்பெயின் ஒரு கோடி, பிரேசில் இன்னொரு கோடி, போர்ச்சுகல் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கை நீட்டுகிறது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

பெகார் இங்கே எவ்வளவு உடல் சார்ந்த சொல் என்பதைக் காண விரும்பினால் காளை விளையாட்டைப் பாருங்கள். "ஃபொர்காது" என்று அழைக்கப்படும் 8 பேர் வரிசையாகக் களத்தில் இறங்குகிறார்கள். ஆயுதம் எதுவும் இல்லை. முன்னால் நிற்பவர் இடுப்பில் கைவைத்து, காளையை அழைத்து, அது பாய்ந்து வரும்போது கொம்புகளுக்கு நடுவே விழுந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிறார். பின்னால் இருப்பவர்கள் ஓடிவந்து தாங்குகிறார்கள். ஒருவர் வாலைப் பிடித்துக் காளையை நிறுத்துகிறார். இதற்குப் பெயர் "பேகா". நேர்முகமாகப் பிடிப்பது "பேகா தி காரஸ்". நம் ஏறுதழுவுதல் நினைவுக்கு வராமல் போகாது. தழுவு என்ற சொல்லும் பேகா என்ற சொல்லும் உடம்போடு உடம்பு ஒட்டுவதையே சொல்கின்றன. வேர்ச்சொல் ஐயாவின் கீல் அந்தப் பிடியில் இன்னும் காயவில்லை.

இன்னொன்று, இந்த அப்பன்யார் பிரேசிலுக்குப் போனதும் பெரும்பாலும் அடி வாங்குவது என்ற பொருளில் வழங்குகிறது. அப்பாவிடம் "அப்பன்யார்" செய்தான் என்றால் அப்பாவிடம் அடி வாங்கினான். போர்ச்சுகலிலும் அந்தப் பொருள் தெரியும். ஆனால் பஸ் முந்திக்கொள்கிறது. பிடிப்பதற்கான சொல் அடியாவதும் அடிக்கான சொல் பிடியாவதும் இந்தக் குடும்பத்தில் புதிது இல்லை போலும்.

சாந்தோஸ் துறை எழுதியது:

நான் கப்பலில் வேலை செய்பவன். சாந்தோஸ், மொந்தேவிதேயோ, புவெனோஸ் ஐரிஸ் துறைமுகங்களுக்கு அடிக்கடி போவோம். உரைகல் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று சொல்லவே எழுதுகிறேன்.

கப்பலைக் கரையில் கட்டும் நேரம் யோசிக்கும் நேரம் இல்லை. கனமான கயிறு இறுகும்போது அதன் பாதையில் நின்றால் காலையும் இழக்கலாம், உயிரையும் இழக்கலாம். சாந்தோஸில் ஒருவர் "பேகா உ காபு!" என்று கத்தினால் கயிற்றைப் பிடி என்று பொருள். அந்த நொடியில் கீல் பூசிய ரோமானியக் கப்பலை நினைக்க முடியாது. கை தானாகப் போக வேண்டும். அந்தப் பழக்கம் மனப்பாடத்தால்தான் வரும்.

இரு மொழியாரும் கலந்து நிற்கும் இடத்தில் நாங்கள் பெகார் என்ற சொல்லையே தவிர்த்துவிடுவோம். "அகார்ரார்" என்ற வினை இரு மொழியிலும் இருக்கிறது, இரண்டிலும் இறுகப் பிடிப்பதுதான். நகம் உள்ள விலங்கின் பாதத்துக்கு இரு மொழியிலும் "கார்ரா" என்பார்கள், அந்தப் பிடி. மெக்சிகோவில் கோஹேருக்குப் பதிலாக இதையே பஸ்ஸுக்கும் சொல்கிறார்கள். வைகறை கேட்ட "நம்பிப் பயன்படுத்தலாமா" என்ற கேள்விக்கு என் பதில் அகார்ரார்.

பிடித்துக்கொண்டே இரு, விட்டுவிடாதே என்பதற்குப் பிரேசிலில் "செகூரா!" என்பார்கள். ஸ்பானிஷ்காரர் காதில் அது "உறுதியான, பாதுகாப்பான" என்ற பெயரடையாக விழும். கட்டளை என்றே அவர் உணரமாட்டார். அதனால் அதையும் தவிர்ப்போம்.

மாட்ரிட் மாணவி எழுதியது:

லிஸ்பன் வாசி அண்ணா, அந்த நடு நிலை பற்றிய விளக்கத்துக்கு நன்றி. ஸ்பெயினின் வடமேற்கே காலிசியா இருக்கிறது. அங்கே பேசும் காலிசியம் போர்ச்சுகீசியத்தோடு உடன்பிறந்த மொழி. ஆனால் பெகார் அங்கே ஒட்டுவதும் அடிப்பதும்தான். எடுக்க, பஸ் ஏற "கொல்யேர்" என்ற வேறு வினை. போர்ச்சுகீசியத்தில் பூ, கனி பறிப்பதற்கு வழங்கும் "கோல்யேர்", ஸ்பானிஷின் கோஹேர், காலிசியத்தின் கொல்யேர் மூன்றும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவை.

சோற்றைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஸ்பானிஷில் "செ மெ பெகோ எல் அர்ரோஸ்" என்றால் சோறு அடிப்பிடித்துவிட்டது. வீட்டில் நாம் சொல்வதற்கும் இதற்கும் இம்மியளவு வேறுபாடு இல்லை. புவெர்த்தோ ரிக்கோவில் இந்த அடிப்பிடித்த சோற்றையே தனி உணவாகக் கொண்டாடுகிறார்கள். பெயர் "பெகாவ்", அதாவது ஒட்டியது. கனமான வார்ப்புப் பாத்திரத்தில் எண்ணெய் விட்டுச் சோற்றை வேகவைத்து, நீர் வற்றியதும் மூடி, தணலைக் குறைத்து விட்டுவிடுகிறார்கள். மேலே இருக்கும் சோற்றை வழித்து எடுத்தபின் அடியில் பொன்னிறமாக, மொறுமொறுப்பாக ஒரு படலம் நிற்கும். அதைக் கரண்டியால் பெயர்த்தெடுத்து, எல்லோர் தட்டிலும் ஒரு துண்டு விழும்படி பங்கிடுவார்கள். கருகினால் போயிற்று, பொன்னிறத்துக்கும் கருப்புக்கும் நடுவே சில நிமிடம்தான். வலென்சியாவின் பயேயாவிலும் இந்த அடிப்படலம் உண்டு. அங்கே "சொகார்ராத்" என்பார்கள், வேறு வேர். சொல்லாராய்ச்சியில் ஆர்வம் உள்ளவர்கள் பெகாவை ஒரு முறையாவது தின்று பார்க்க வேண்டும்.

லிஸ்பன் வாசி எழுதியது:

போர்ச்சுகலிலும் சோறு பாத்திரத்தின் அடியில் "பெகார்" ஆகும். சமையலறை எப்போதும் பழைய பொருளைக் காப்பாற்றி வைக்கும்.

வைகறை எழுதியது:

கேட்டதைவிடப் பல மடங்கு கிடைத்துவிட்டது. ஒரு ஐயம். கணினியில் ஒட்டுவதற்குப் போர்ச்சுகீசியத்தில் "கோலார்" என்று பார்த்தேன். விமானம் மேலெழுவதற்கு ஸ்பானிஷில் "தெஸ்பெகார்", பிரேசிலில் "தெகோலார்". இவற்றுக்குள் தொடர்பு இருக்கிறதா?

புனல் எழுதியது:

இருக்கிறது. பெகார் பிடிக்கும் வேலைக்குப் போய்விட்டதால் பசை வேலையைப் போர்ச்சுகீசியத்தில் கோலார் எடுத்துக்கொண்டது. "கோலா" என்றால் பசை. "கோப்பியார் இ கோலார்" என்பதுதான் இங்கே நகலெடுத்து ஒட்டுவது. விமானத்தைப் பொறுத்தவரை பிரெஞ்சுக்காரர்கள் "தெகோலே" என்றார்கள், பசை விட்டு விடுபடுவது என்று. பிரேசில் அதை அப்படியே வாங்கித் தெகோலார் ஆக்கிக்கொண்டது. போர்ச்சுகல் "தெஷ்கோலார்" என்கிறது. ஸ்பானிஷ் தன் சொந்தப் பசையான பெகாரை வைத்துத் தெஸ்பெகார் என்று கட்டிக்கொண்டது. சொற்கள் வேறு, எண்ணம் ஒன்று: தரையோடு ஒட்டியிருந்தது பிரிகிறது.

பிரேசிலில் பெகார் எடுத்த பொருள்களில் நான் பெரிதாக நினைப்பது ஒன்று உண்டு. "அ லேய் நாவ் பெகோ" என்பார்கள்: அந்தச் சட்டம் பிடிக்கவில்லை. சட்டமன்றம் நிறைவேற்றியது, அரசிதழில் வந்தது, ஆனால் மக்கள் நடைமுறையில் அது வேர்கொள்ளவில்லை என்று பொருள். நட்ட கொம்பு வேர் பிடித்ததா என்று கேட்பதற்கும் இதே வினை. புதுப் பாணி ஊரில் பரவினால் "பெகோ". இந்த இடத்தில் உள்ளும் இல்லை, வெளியும் இல்லை, செயப்படுபொருளே வராது. ஸ்பானிஷிலும் ஒரு பாட்டு அல்லது பாணி "பெகார்" ஆனது என்று சொல்லலாம். வைகறை கேட்ட பொதுவான பொருள்களில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சட்டத் தொடரைத் தமிழில் எழுத நேர்ந்தபோது "நடைமுறைக்கு வரவில்லை" என்று போட மனம் ஒப்பவில்லை. அது அதிகாரி குற்றம் போல ஒலிக்கிறது. பிரேசில்காரர் சொல்வது மண்ணுக்கும் செடிக்கும் உள்ள உறவு. "வேர் பிடிக்காத சட்டம்" என்று எழுதினேன்.

உரைகல் எழுதியது:

வேர் பிடிக்காத சட்டம் மிகச் சரியாக அமைந்துவிட்டது, புனல். திசை விதியை நான் ஏற்கிறேன், லிஸ்பன் வாசியின் திருத்தத்தோடு. படிப்பவருக்கும் மொழிபெயர்ப்பவருக்கும் அது உதவும். தெருவில் பேசுபவருக்கு முதலில் பட்டியல், பிறகுதான் வேர் என்ற என் நிலையில் மாற்றம் இல்லை. கப்பல்காரர் சொன்னதும் அதுதான்.

வைகறைக்கு இன்னும் இரண்டு பொறிகள், இவை பெயர்ச்சொற்கள். சிலியில் "பேகா" என்றால் வேலை. "பேகா தேடுகிறேன்" என்பவர் வேலை தேடுகிறார். ஸ்பெயினில் "பேகா" என்றால் இடைஞ்சல், குறுக்குக் கேள்வி. எதற்கெடுத்தாலும் குறை சொல்பவரை "பேகாஸ் போடுகிறார்" என்பார்கள். போர்ச்சுகலில் காளைப் பிடி என்று மேலே பார்த்தோம். பாத்திரத்தின் கைப்பிடிக்கும் அதே பெயர்தான். ஒரே சொல்லைக் கேட்டு மூன்று நாட்டார் மூன்று பொருளை நினைப்பார்கள்.

வைகறை எழுதியது:

கடைசியாக ஒன்று. பிரேசில் செய்தித்தாளில் "ஃபோய் பேகு எம் ஃப்ளக்ராந்தி" என்று பார்த்தேன். பிடிபட்டார் என்று புரிகிறது. ஆனால் இலக்கணப்படி "பெகாது" என்றல்லவா வர வேண்டும்?

புனல் எழுதியது:

இரண்டும் உண்டு. பெகாது ஒழுங்கான வடிவம். "பேகு" குறுகிய வடிவம். பிரேசிலில் செயப்பாட்டு வினையில், அதாவது பிடிபட்டார் என்று வரும் இடத்தில், பேகு பரவலாக வழங்குகிறது. செய்தித்தாள்களும் தயங்காமல் அச்சிடுகின்றன. குற்றம் செய்யும்போதே கையும் களவுமாகப் பிடிபட்டார் என்பதற்கு நீங்கள் பார்த்த தொடர்தான் வழக்கம். "தேர்" என்ற துணைவினையோடு, எடுத்திருந்தார் என்பது போன்ற இடங்களில் பெகாது என்று எழுதுங்கள். போர்ச்சுகலில் பேகு என்று எழுதினால் திருத்துவார்கள். அங்கே பெகாதுதான், பிடிபட்ட திருடனுக்கோ "அப்பன்யாது". அதே செய்தியை ஸ்பானிஷில் எழுதும்போது பெகார் பக்கமே போகாதீர்கள். "ஃபுவே பெகாதோ" என்றால் திருடனைச் சுவரில் ஒட்டியதாக ஆகிவிடும். பிடிபட்டதற்கு அங்கே "தெதெனீதோ" என்று எழுத வேண்டும்.